ஒரு பொட்டு வெளிச்சம்

ஜூன் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் விட்டதா? வாரத்தில் ஒரு நாளாவது முட்டை கண்ணில் காட்டுகிறார்களா? சிறைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிந்துவிட்டாய் என்று போன முறை பார்க்க வந்தபோதே நினைத்தேன், சொல்லவில்லை.

போன் பேசும் நாளில் இனி என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் காற்று போகிற சத்தம்தான் கேட்கும். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். வாயாடி வாயாடி என்று எல்லோரும் திட்டிய உன் அக்காவை ஒரு விரல் நீளக் குழாய் அடக்கிவிட்டது. அதனால்தான் கடிதம்.

நாக்கின் அடியில் இருந்த புற்றுக்கட்டி திரும்ப வந்துவிட்டது. போன வருஷம் வெட்டினார்கள், பிறகு கரண்ட் வைத்தார்கள். இரண்டும் இனி என் கழுத்துத் தாங்காதாம். இப்போது வேறொன்று. ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அது கட்டிக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் கழித்து மயக்கம் கொடுத்து, மெல்லிய கண்ணாடி நார் வழியாகச் சிவப்பு லேசரை வாய்க்குள் அடிப்பார்கள். வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு கொல்லும். இருபது வருஷம் வெளிச்சத்தை வைத்து இரும்பை ஒட்டினவளை வெளிச்சத்தை வைத்தே கிழிக்கப் போகிறார்கள்.

ஒரு சிக்கல். அந்த மருந்து தோலிலும் தங்கும். முப்பது நாள் வெயில் படக் கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் மங்கலான விளக்கு இருக்கலாம், கட்டாயம் இருக்கவும் வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. ஏன் என்று எழுதிக் காட்டுவதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முப்பது நாள் முடிந்ததும் வெளியே ஓடிவிடவும் கூடாது. ஒரு காகிதப் பையில் சின்ன ஓட்டை வெட்டி, கையை உள்ளே விட்டு, பத்து நிமிஷம் வெயிலில் காட்டி, மறுநாள் வரை பார்க்க வேண்டும். சிவந்தால் இன்னும் உள்ளேதான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையை மூடிவிட்டேன். நான் அடிக்கிற கிரில்லுக்கு வண்ணம் பூசும் பெயின்டர் மட்டும் அழுதாள். உன் அத்தான் என்னைப் பார்த்துக்கொள்வார். நீ உடைத்துவிட்டு உள்ளே போன அவர் கை கூடிவிட்டது, முழங்கை மட்டும் முழுதாக நீளவில்லை.

ஆகஸ்ட் 18இல் உன்னை விடுவதா வேண்டாமா என்று குழு உட்காரும். அதுவரை யார் மேலும் கை வைக்காதே. ஒரு அடி அடித்தாலும் இன்னும் பதினோரு மாதம் என்று வக்கீல் சொன்னதை மறக்காதே. நான் பிழைத்து எழுந்திருக்கும்போது நீ வெளியே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் படியில் விழுந்தேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால், இந்த முறை விழுந்தேன் என்றே நம்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

இருமல் போய்விட்டது, முட்டை வரவில்லை. உன் கடிதத்தை எனக்கு முன்னால் வார்டன் படித்தார். படித்துவிட்டு "ஒங்க அக்கா தைரியசாலிப்பா" என்றார். இங்கே போகிற வருகிற எல்லாக் கடிதத்தையும் அவர் படிப்பார். அதனால் நான் எழுதுவதெல்லாம் மரியாதையாகவே இருக்கும், பயப்படாதே.

நேற்றுச் சாப்பாட்டு வரிசையில் ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துத் துப்பினான். அது என் காலடியில் வந்து விழுந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். உனக்காகத்தான். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நான் சும்மா நின்றிருப்பேனா என்று நீயே யோசித்துப் பார்.

விளக்கு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே கைதிகளுக்கு மருந்து கொடுக்கும் கம்பவுண்டரிடம் கேட்டேன். "வெளிச்சம்தான் அந்த மருந்தக் கெளப்பி விடும்னா, எந்த வெளிச்சமா இருந்தா என்னப்பா? பொட்டு வெளிச்சம்கூட ஆகாது" என்றார். நியாயமாகத்தானே இருக்கிறது? தாளில் ஆயிரம் போடுவார்கள். வெந்து போவது அவர்கள் தோலா? அத்தானுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

நீ எழுந்து நடந்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பி

(உள்ளே வைத்திருந்த தாள்)

அத்தானுக்கு வணக்கம். கை எப்படி இருக்கிறது? மழைக் காலத்தில் குடையும் என்பார்கள், கவனமாக இருங்கள். அக்கா அறையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழக் கூடாது. ஜன்னலை அடைத்துவிடுங்கள். பல்பைக் கழற்றிவிடுங்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருட்டு என்றால் பயம், அதனால் கதவைத் தட்டுவாள். தட்டினாலும் திறக்காதீர்கள். ஆகஸ்டில் நானே நேரில் வந்து விசாரிப்பேன். உங்களுக்கு இரண்டு கை இருப்பதை நினைத்து மிகவும் மகிழ்கிறேன்.


ஜூன் 24

தம்பிக்கு,

இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

17ஆம் தேதி மருந்து ஏற்றினார்கள், 19ஆம் தேதி லேசர். மயக்கம் தெளிந்ததும் தொண்டைக்குள் யாரோ தீக்கங்கைப் போட்டு மிதிப்பதைப் போல இருந்தது. நாக்கு வீங்கி வாய்க்கு வெளியே வந்துவிட்டது. மூன்று நர்ஸ்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், அதில் ஒருத்தியை நான் உதைத்ததாகப் பிறகு சொன்னார்கள். ரத்தம் குழாய் வழியாகப் பீறிட்டுச் சுவரில் அடித்தது. மறுநாள் கறுத்த சதை துண்டு துண்டாகக் கழன்று வந்தது. டாக்டர் அதைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்லாச் செத்திருக்கு" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்டேன்.

21ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் தாளை அத்தான் படித்தார். இரண்டு முறை படித்தார். படித்தபடியே செய்துவிட்டார். ஆஸ்பத்திரித் தாளையும் பத்திரமாக அவரே வைத்துக்கொண்டார்.

வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள். வெல்டிங் கம்பி ஒன்றைத் தாளின் குறுக்கே வைத்து, விரலால் தடவித் தடவி இறக்கி எழுதுகிறேன். உன் கடிதம் வந்தால் அவர் கதவுக்கு வெளியே நின்று வாசித்துக் காட்டுவார். நான் எழுதுவதையும் அவர்தான் தபாலில் போடுகிறார். பெயின்டர் பார்க்க வந்தாளாம், வெளிச்சம் உள்ளே வந்துவிடும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் நன்றாக இருக்கிறேன். ஆகஸ்ட் 18ஐ மட்டும் நினை.

அக்கா


ஜூலை 1

அக்கா,

நல்லாச் செத்திருக்கிறதா! கேட்டதும் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அங்கேதான் இப்போது எனக்கு வேலை. கொலைக்காகப் பத்து வருஷம் இருக்கிறவர்கூடக் கை தட்டினார்.

உன் வரிகள் சண்டைக்கோழி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. வார்டன் என்னை நிற்க வைத்து, "இது என்ன, சங்கேத எழுத்தா?" என்று கேட்டார். மருந்து மயக்கம் என்று சமாளித்தேன். வலி அதிகமோ? அத்தான் சொன்னபடி செய்தது எனக்கே ஆச்சரியம். அந்த மனுஷனுக்கு அடி கொடுத்தால்தான் புத்தி வரும் என்று நான் சொன்னபோது நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பார்.

இங்கே புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். ஆள் என் இடுப்பு உயரம், வாய் மட்டும் வானம் வரை. தினம் என் சோப்பைத் திருடுகிறான். கடித்துக்கொண்டு இருக்கிறேன், அவனை அல்ல, என் கையையே.

சாப்பாடு இறங்குகிறதா? அத்தானையும் இரண்டு வரி எழுதச் சொல். அவர் எழுத்தைப் பார்த்தால் எனக்கும் நிம்மதி.

தம்பி


ஜூலை 8

அன்பு மைத்துனருக்கு,

நலம். நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். என் இடது கை இப்போதெல்லாம் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது, தங்கள் அன்பளிப்பு.

உங்கள் உத்தரவு எழுத்துப் பிசகாமல் நடக்கிறது. ஜன்னலில் தகரம் அடித்துவிட்டேன். உங்கள் அக்காளே பட்டறையில் வெட்டி வைத்திருந்த தகரம், அளவெடுத்தது போலப் பொருந்தியது. பல்பு என் பையில் இருக்கிறது. கதவின் அடியில் சாக்கு. பூட்டு வெளிப்பக்கம். பாலும் கஞ்சியும் வைக்கும்போது மட்டும், நடையிலும் விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கிறேன். முதல் வாரம் நிறையத் தட்டினாள். நீங்கள் எழுதியிருந்தீர்களே, தட்டினாலும் திறக்காதீர்கள் என்று. உங்கள் தாளை வெளியே நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன். தம்பி சொல் என்றதும் அடங்கிவிட்டாள். இப்போது தட்டுவதில்லை.

குரல் இல்லாத வீடு எவ்வளவு அமைதி என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. முப்பது நாள் என்பது முப்பது நாள். இந்த மாதம் 18ஆம் தேதி அன்று நானே கைபிடித்து வெளியே அழைத்து வருவேன். கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 15

அக்கா,

எப்படி இருக்கிறாய்? எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் வார்டன் கிழித்துவிட்டார். "இத அனுப்புனா அடுத்த மாசம் குழு முன்னால ஒன்ன நிக்க வைக்கவே மாட்டாங்க, போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். மூன்று முறை தண்ணீர் குடித்தேன்.

பூட்டு வெளிப்பக்கமா? நான் பூட்டச் சொல்லவில்லையே. ஜன்னலை அடைக்கச் சொன்னேன், பல்பைக் கழற்றச் சொன்னேன், பூட்டு என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. உன் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். வலியில் கோணவில்லை. நீ இருட்டில் கண் தெரியாமல் எழுதியிருக்கிறாய். இது புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, முட்டாள்.

இந்தக் கடிதத்தை அத்தானும் படிப்பார். படிக்கட்டும். அத்தான், தயவு செய்து பூட்டைத் திறந்துவிடுங்கள். தயவு செய்து என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், என் ஆயுளில் முதல் முறை.

தம்பி


ஜூலை 28

அக்கா,

பதில் இல்லை. முப்பது நாள் முடிந்து பத்து நாளாகிறது. நலமா?

எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் உடைந்துவிட்டது. சலவைக் கூடச் சுவரில் குத்திவிட்டேன். சுவர் யாரிடமும் போய்ப் புகார் சொல்லாது, அதனால் 18ஆம் தேதிக்கு ஒன்றும் ஆகாது.

உயிரோடு இருந்தால் ஒரு கோடு போட்டு அனுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் விரல் கூடிவிட்டதா?

நீ கடைசியாக எழுதிய இரண்டு கடிதமும் நேற்றுதான் என் கைக்கு வந்தன, பெயின்டர் போய் அந்த வீட்டுத் தபால் பெட்டியை உடைத்து எடுத்து வந்தாள். நான் இப்போது அவள் வீட்டில் இருக்கிறேன். வலது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கைக்கட்டைப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது. எல்லாவற்றையும் எழுதுகிறேன், நடுவில் எழுந்து எதையாவது குத்தாதே. முதலில் உட்கார்.

ஜூலை 18, உச்சி வெயில். கதவு திறந்தது. "முப்பது நாள் முடிஞ்சுது. ஒன் தம்பி உத்தரவும் முடிஞ்சுது. வெளிய வா" என்றார். காகிதப் பை, ஓட்டை, கை என்று சைகையில் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. தாள் அவரிடம்தானே இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். முடியைப் பிடித்து இழுத்தார். என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் முகம் குப்புறத் தள்ளி, பின்கதவைத் தாழ் போட்டுவிட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. முப்பது நாள் கழித்துப் பார்க்கிற வெயில், அழகாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் எரிய ஆரம்பித்தது. பிறகு கை. கையுறை இல்லாமல் வெல்டிங் பிடித்தால் எரியுமே, அது உடம்பு முழுக்க. என் கண் முன்னாலேயே புறங்கை கொப்பளித்தது. கத்தினேன், கழுத்துக் குழாயில் விசில் வந்தது. கதவை உதைத்தேன். உள்ளே அவர் ரேடியோ வைத்தார். மதில் மேல் ஏறலாம் என்றால் சுற்றிலும் கிரில். நானே அடித்த கிரில். சும்மா சொல்லக் கூடாது, என் வேலை கெட்டியாகத்தான் இருந்தது.

முற்றத்துக்குள் தெரிந்த ஒரே நிழல் பட்டறைதான். அதற்கும் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ஆனால் அந்தக் கதவின் கீழ்க்கீல் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் இரண்டு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து விட்டிருந்தேன், வந்து முழுதாக அடிக்கலாம் என்று. இருபது வருஷத்தில் நான் அரைகுறையாகச் செய்த ஒரே வேலை. ஐந்தாவது உதையில் பிய்ந்தது.

உள்ளே போய் வெல்டிங் ஹெல்மெட்டை மாட்டினேன். தோல் கையுறை, தோல் ஏப்ரன். கொப்பளத்தின் மேல் கையுறை ஏறும்போது தோலும் கூடவே வந்தது. சத்தம் கேட்டு அவர் வந்தார். "தெறந்து காட்டுடி மூஞ்சிய" என்று ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார். கையில் கசடு தட்டும் சுத்தியல் அகப்பட்டது. ஹெல்மெட்டைப் பிடித்திருந்த கையை அடித்தேன். எந்தக் கை என்று எலும்பு உடைகிற சத்தத்திலேயே தெரிந்தது. நீ உடைத்த அதே முழங்கை. விடவில்லை. இன்னும் இரண்டு முறை அடித்தேன். அவர் கீழே விழுந்தார். தலை இருக்கும் என்று நினைத்த இடத்துக்கு ஓங்கினேன்.

உனக்குத் தெரியும், அந்த ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் தீப்பொறி இல்லாதபோது எல்லாம் இருட்டு. அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியவில்லை. ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. என்னை நிறுத்தியது மனசு இல்லை தம்பி, கண்ணாடி. அந்த மூன்று அடியும் எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அவர் திறந்து வந்த பின்கதவு வழியாக வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். நட்ட நடுப் பகலில் ஹெல்மெட்டும் ஏப்ரனுமாக, சுவரைத் தடவித் தடவி நாலு வீடு தாண்டிப் பெயின்டர் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒருவர் "எங்கம்மா வேலை?" என்று கேட்டார். அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்டுல வெளக்கு இருந்துச்சா?" என்றுதான். தோலில் தங்குகிற மருந்தை அந்த மங்கல் விளக்குதான் நாளுக்குக் கொஞ்சமாகத் தின்று தீர்க்குமாம். அதற்குத்தான் தாளில் கட்டாயம் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. முப்பத்தொன்றாம் நாளும் மருந்து ஏற்றினது ஏற்றினபடி அப்படியே இருந்தது. வெளிச்சமே இல்லாமல் இருந்ததால்தான் வெந்தேன்.

பூட்டினது அவர். தள்ளினதும் அவர். இருட்டை மட்டும் நீ கொடுத்தாய். தட்டினாலும் திறக்காதே என்று நீ எழுதினதை அவர் ஒவ்வொரு நாளும் வாசித்தார். நான் இருட்டைக் கண்டு பயப்படுவேன் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவரிடம் கேட்டார்களாம், கை எப்படி உடைந்தது என்று. "படியில விழுந்துட்டேன்" என்றாராம். எட்டு வருஷமாக நான் சொன்ன அதே வார்த்தை. என்னிடமும் கேட்டார்கள், நானும் வெயிலில் தெரியாமல் போய்விட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீ வெளியே வருகிறவரை எந்த வம்பும் வேண்டாம் என்றுதான்.

கட்டியில் முக்கால்வாசி செத்துவிட்டது. மீதிக்கு இன்னொரு முறை மருந்து, செப்டம்பர் 8. மறுபடியும் முப்பது நாள். இந்த முறை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 18ஆம் தேதி உன்னை விட்டுவிட்டால் நேரே இங்கே வா. அவரைத் தேடிப் போனால் இந்தக் கதவு உனக்குத் திறக்காது.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

கண் திறந்துவிட்டதா? புறங்கைத் தோல் புதிதாக வருகிறதா? ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், ஆனால் கேட்கிற யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்தேன். நீ எழுந்திருக்காதே என்று எழுதியிருந்தும் எழுந்தேன். கம்பவுண்டரைத் தேடிப் போனேன். அவர் ஒரு கிழவரின் காலில் இருந்த புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்காவுக்கு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். அவரிடம் போய்க் கேட்டது யார்? நான். டாக்டர் தாளைவிட அவர் பேச்சு பெரிது என்று முடிவு செய்தது யார்? அதுவும் நான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இன்னொன்று. சுவர் என்று எழுதினேனே, அது சுவர் இல்லை. சோப்புத் திருடுகிற அந்தக் குள்ளன். அத்தான் கடிதத்தை என் படுக்கையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, "ஒன் அக்காவும் ஒன்ன மாதிரியே உள்ளதான் இருக்கா" என்று சிரித்தான். அவன் சிரிப்பு நிற்கிறவரை குத்தினேன். நின்ற பிறகும் குத்தினேன். மூன்று பல்லும் தாடையும் போயிற்று. வார்டன் வந்து கேட்டபோது வாயைத் திறக்க முடியாமல், "சோப்புத் தண்ணில வழுக்கிட்டேன்" என்றான். எனக்குப் பயந்துதான். நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

18ஆம் தேதி குழு முன்னால் நின்றேன். ஐந்து பேர். நடுவில் இருந்த அம்மா, "நடத்தை நல்லாருக்கே. உள்ள வந்தப்புறம் யாரயாவது கை நீட்டி அடிச்சிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயில்கூட வந்துவிட்டது. அப்போது உன் கடிதத்தில் அத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் படியில் விழுந்தார், நீ படியில் விழுந்தாய், குள்ளன் சோப்பில் விழுந்தான். நம்மைச் சுற்றி எல்லோரும் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், யாரும் யாரையும் அடிப்பதில்லை. "அடிச்சேன்மா" என்றேன். வெளியே போனால் அடிப்பாயா என்றார். "அத்தானத் தேடிப் போக மாட்டேன்னு அக்காகிட்ட சொல்லிக்கணும்னு ஆசை. ஆனா என் கைய நானே நம்பல" என்றேன்.

பதினோரு மாதம் போட்டுவிட்டார்கள். என்னைத் திட்டு. நீ கேட்ட ஒரே ஒரு விஷயத்தையும் நான் செய்யவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று நெஞ்சு கிடந்து தவிக்கிறது. இந்தக் கையோடு வந்து உட்கார்ந்தால் அந்த விளக்கு எத்தனை நாள் எரியும் என்று பயமாகவும் இருக்கிறது.

தம்பி

(உள்ளே வைத்திருந்த தாள்)

பெயின்டர் அக்காவுக்கு வணக்கம். நாம் பார்த்ததில்லை. செப்டம்பரில் அக்கா பக்கத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரித் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். அவள் தட்டினால் உடனே திறங்கள். விளக்கைப் பற்றி நான் எப்போதாவது வேறு மாதிரி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.


அக்டோபர் 12

தம்பிக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்தேன். பதினோரு மாதம் என்ற இடத்தைத் தனியாக இன்னும் நாலாகக் கிழித்தேன். அவளுக்கு நீ எழுதிய தாளை மட்டும் பெயின்டர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். விளக்குக்குக் கீழே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் தட்டினால் அவள் வருகிற வேகத்தில் பாதி வீடு உருண்டுவிடுகிறது.

செப்டம்பர் 8 மருந்து, 10 லேசர். இந்த முறையும் ரத்தம், இந்த முறையும் உதை, அதே நர்ஸ். முந்தாநாள் இருட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். ஆறு மாதம் போகாமல் எதுவும் சொல்ல மாட்டாராம். இன்னும் இரண்டு மாதத்தில் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம், முதலில் தவளைச் சத்தம்தான் வருமாம்.

முப்பது நாளும் சின்ன மஞ்சள் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் உன் கிழிந்த கடிதத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து மறுபடி படித்தேன். நீ குழு முன்னால் சொன்னது எனக்கு முதலில் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. இருபதாம் நாள் வாக்கில் பெயின்டரை அனுப்பிப் போலீஸ்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். எழுதிக் கொடுத்தேன். நான் தெரியாமல் வெயிலில் போகவில்லை, தள்ளப்பட்டேன். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் படியில் விழவில்லை, அடித்தார். அவரும் விழவில்லை, நான் அடித்தேன், மூன்று முறை, நாலாவதுக்கும் ஓங்கினேன். அவர் மேலும் வழக்கு, என் மேலும் வழக்கு. அவரைப் போன வாரம் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

இன்று வெயில் சோதனை. வீட்டில் காகிதப் பை தேடினோம், இல்லை. உன் சிறைச்சாலை அனுப்பிய பழுப்பு உறை பெரிதாக இருந்தது. அதில் பொட்டு அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, கையை உள்ளே விட்டு, ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். பெயின்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் ஒரு பொட்டு வெளிச்சம் என் புறங்கையில் உட்கார்ந்திருந்தது. சூடாக இருந்தது. நாளைக்கு இதே நேரம் வரை காத்திருக்க வேண்டும், அதனால் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

அக்டோபர் 13

சிவக்கவில்லை.

உன் கை எப்படி இருக்கிறது?

அக்கா